லாபியில் ஒரு கால்

சிவப்பு வெளக்கு எரிஞ்சாச்சு, லைவ் போயாச்சு, ஜெபசிங் எப்பவும் போலத் தொண்டையச் செருமிட்டு வணக்கம் சொல்லுதான், நான் சிரிச்ச மூஞ்சியா ஒக்காந்திருக்கேன், சட்டைப் பையில போன் சத்தமில்லாமக் கெடக்கு. ஆறு மணிக்கு அது அதிரும். எடுத்து ஒரு சரி சொல்லணும், அம்புட்டுத்தான், அடுத்த சீசன் டிவியில தமிழ்ல கபடி வர்ணனை சொல்லப் போறது இந்த நயினார்தான், கோட்டு போட்டு, காதுல கருப்பா ஒண்ண மாட்டிக்கிட்டு, கடல் தாண்டி இருக்கவன் வரைக்கும் கேக்க. இதுல யோசிக்க என்ன எளவு இருக்கு. வாய்க்கால் மைதானத்துல பனமரத்துல ஸ்பீக்கர் கொழாயக் கட்டி, என் சொந்த ஆம்ப்ளிஃபயர் சூட்டுல கை வச்சுக்கிட்டே ராவும் பகலும் ஆட்டம் சொன்ன தொண்டை இது. பாடிப் போறவன் மூச்ச விட்டாலும் விடுவான், நயினார் விட மாட்டான்னு ஆத்துக்கு அந்தப் பக்கமும் பேரு. மைக் செட்டுக் கடை வச்சிருக்கவன்தான், இல்லங்கல, ஆனா மைக் செட்டு வச்சிருக்கவன்லாம் நயினார் ஆயிர முடியுமா. டிவிக்காரன் நாலு வருசத்துக்கு முன்னாலயே வந்து கூப்பிட்டிருக்கணும். இப்பமாவது புத்தி வந்துச்சே. ஜெபசிங் இன்னைக்கும் அந்த நீலச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கான், அவனுக்கு நீலம் எடுக்காதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு, கேக்க மாட்டான், எதையுமே கேக்க மாட்டான், பேப்பர்ல வேலை பாத்தப்பயும் அப்படித்தான், மொதலாளி அவன் எழுதுன சேதியில ரெண்டு வரிய மாத்திப் போட்டாருன்னு மறுநாளே பைய எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்து நின்னான். ஒரு ரூம்பும் ஒரு மைக்கும் இருந்தாப் போதும்வேன்னான். ரூம்பு பாளையங்கோட்டையில இந்த டயர் கடை மாடி, ரப்பர் வாடை படியேறி வந்துக்கிட்டே இருக்கும். மைக்கு நான்.

தேர்தல் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, ஜெயிச்சவரு தொகுதிக்கு வந்தது மூணு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும்தான்னு ஜெபசிங் ஆரம்பிச்சுட்டான். பேச்சி கேமராவுக்குப் பின்னால நிக்கா. சிரிக்கல. எப்பவும் இதுக்குச் சிரிப்பா. கழுத்துல விசில் தொங்குது. பேச்சியம்மா ஒரு காலத்துல மாநில அணியில பாடிப் போனவ, முட்டி போயிட்டு, இப்ப காலையில வாய்க்கால் மைதானத்துல பொம்பளப் புள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்கன கேமரா. அந்த விசில் காலையில அதுகளுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. ஏன்னா அண்ணாச்சி. நம்மூர்ல கடை வச்சிருந்தா அண்ணாச்சி, காரு வச்சிருந்தா அண்ணாச்சி, கவுன்சிலர் ஆயிட்டாப் பெரிய அண்ணாச்சி, ஒருத்தரைக் கேமரா முன்னால அண்ணாச்சின்னு கூப்பிட்ட வாயால பொறவு எப்படிக் கேள்வி கேப்பீரு, தலையச் சொறியத்தான் முடியும்னு நான்தான் சொன்னேன். நான்தான். இன்டர்நெட்ல நாங்க ஓட்டுத இந்தச் சேனலுக்கு நடுக்கோடுன்னு பேரு வச்சதும் நான்தான், கபடியில எங்கன சுத்திட்டு வந்தாலும் திரும்பி வந்து தொட வேண்டிய கோடு அது, சேனலும் அப்படித்தான் இருக்கணும்னு. லைவ்ல எவன் வாயில அண்ணாச்சி வந்தாலும் பேச்சி விசில் ஊதுவா, சொன்னவன் எந்திரிச்சு நின்னு, முழுப் பேரும் பதவியும் சொல்லி, அந்த வாக்கியத்த மறுபடி மொதல்ல இருந்து சொல்லணும். சனங்களுக்கு அது ஒரு சிரிப்பு. ஜெபசிங் மாட்டியிருக்கான், ஒரு காலேஜ் வாத்தியாரு ஒரே நிகழ்ச்சியில மாறி மாறி எந்திரிச்சு கால் வலியோட போனாரு. நான் மாட்டுனதே இல்ல. ஒரு தடவ கூட. விதிய எழுதினவன் மாட்டுவானா.

குலசேகரபாண்டியன். சட்டமன்ற உறுப்பினர் குலசேகரபாண்டியன். பாத்தீயளா, மனசுக்குள்ள கூட முழுப் பேரோடதான் வருது. அவரு மச்சினனுக்கு டிவியில வர அந்தக் கபடி லீக்ல ஒரு டீம்ல பங்கு இருக்கு, டிவிக்காரங்ககிட்ட அவரு சொன்னா எடுபடும், இது ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. அவரு உதவியாளர் தங்கராசு போன வாரம் எனக்குப் போனப் போட்டு, அண்ணாச்சி ஒங்களப் பாக்கணும்னு பிரியப்படுதாவ, அண்ணாச்சிக்கு ஒங்க கொரல்னா உசுரு, அண்ணாச்சியே ஒங்களப் பத்தி மச்சினன்கிட்ட பேசிட்டாவன்னு மூச்சுக்கு ஒரு அண்ணாச்சி. நேத்து காலையில போனேன். போனா என்ன. மனுசன் மனுசனப் பாக்கப் போறதுதான். வீட்டுக்காரி வடிவு சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்து, ஒங்க வாயி அங்கயாவது சும்மா இருக்கட்டும்னா. பெரிய ஹாலு, சோபாவுல பிளாஸ்டிக் உறைய இன்னும் பிரிக்கல, ஒக்காந்தா ஒட்டுது. என்னை ஒக்கார வச்சாங்க. மனு வச்சிருந்தவங்க செவுத்து ஓரமா நின்னாங்க. அதுல ஒருத்தர், எங்கயோ பாத்த மொகம், வெள்ளை வேட்டி, கையில பிளாஸ்டிக் கவர், என்னைப் பாத்ததும் மொகம் தெளிஞ்சு பக்கத்துல வந்து, சாரும் மைதானத்துக்காகத்தான் வந்தீயளான்னு கேட்டாரு. நான் தலைய ஆட்டினேன். ஆமான்னும் எடுத்துக்கிடலாம் இல்லன்னும் எடுத்துக்கிடலாம், அப்படி ஒரு ஆட்டு. அதுக்குள்ள உள்ள இருந்து கையத் தொடச்சுக்கிட்டே அவரு வந்துட்டாரு, என்னைய விட வயசுல எளையவரு, வாங்க நயினார்னாரு, நான் எந்திரிச்சு வணக்கம்னேன். வணக்கம்னேன், அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல.

அவரும் ஒண்ணும் கேக்கல, அதச் சொல்லணும். சேனல்ல இதப் பேசாத, அதப் பேசுன்னு ஒரு வார்த்தை கெடையாது. காப்பி குடுத்தாரு, நாளைக்கு ஆறு மணிக்குத் தங்கராசு கூப்பிடுவான், டிவி வேலைக்கு ஒரு சரி மட்டும் சொல்லிருங்கன்னாரு. ஜெபசிங் தம்பி நல்லாப் பேசுதாரு, கொஞ்சம் சூடு, நீங்கதான் பக்கத்துல இருக்கீயள்லா, பாத்துக்கிடுங்கன்னாரு. பாத்துக்கிடுங்க. நம்மூர்ல எதுக்குத்தான் பாத்துக்கிடுங்க சொல்ல மாட்டான், பஸ்ஸு ஏத்தி விடும்போதும் பாத்துக்கிடுங்க, மாட்டுக்குப் புல்லு போடும்போதும் பாத்துக்கிடுங்க. அதுக்கு அர்த்தம் தேடிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். நான் பாத்துக்கிடுவேன். ஜெபசிங்க எனக்குத் தெரியும், சேனல எனக்குத் தெரியும், அங்கயும் பேசுவேன் இங்கயும் பேசுவேன், சீசன் முடிஞ்சு ஊருக்கு வந்து இதே நாற்காலியில ஒக்காந்து இதே வாயால கேள்வி கேப்பேன், எவன் தடுப்பான். எலக்ஷனப்ப எல்லாக் கட்சிக்கும் மைக்கு குடுத்தவன் நான். இன்னைக்கு ஒரு கொடி, நாளைக்கு வேற கொடி, ஒரே கொழாய்தான், கொழாய்க்குக் கட்சி ஒட்டுமா. எல்லா மேடைக்குப் பின்னாலயும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல முக்காலியப் போட்டு நான்தான் ஒக்காந்திருந்தேன், ஒவ்வொருத்தன் என்ன சொன்னான்னு அவனவன் மறந்துட்டான், எனக்கு மறக்கல. நமக்கு ஒட்டாது. நான் வழுக்கிக்கிட்டு வந்திருவேன்.

ஜெபசிங் இப்ப ஓட்டு எண்ணிக்கை நாளப் பத்திப் பேசுதான். அன்னைக்குப் பெரிய சேனல் பூரா மதியத்துக்குள்ளயே நம்ம தொகுதிக்கு ஆளு ஜெயிச்சாச்சுன்னு மாலை போட்டுட்டான், ஒருத்தன் ஒருத்தர் பேரச் சொல்லுதான், இன்னொருத்தன் இன்னொருத்தர் பேரச் சொல்லுதான், நாங்க மட்டும் எண்ணுற எடத்து வாசல்ல நின்னுக்கிட்டு எங்களுக்கு இன்னும் தெரியலன்னு சொன்னோம். தெரியல, தெரியல, தெரியல. மணிக்கணக்கா அதேதான். அன்னைக்குத்தான் சனங்க எங்ககிட்ட வந்துச்சு, ஏன்னா எங்களுக்குத் தெரியலங்கதச் சொல்லுத ஒரே ஆளுக நாங்கதான். நெனச்சாலே நெஞ்சு நிமிருது. அன்னைக்குப் பேச்சி வெயில்ல மயங்கி உக்காந்துட்டா, ஜெபசிங் எளனி வெட்டிக் கொண்டாந்தான், நான் மைக்க விடல. இப்ப ஜெபசிங் சொல்லுதான், ஜெயிச்ச பொறவு எல்லாரும் லாபிக்குள்ள எறங்கிட்டாங்க, காண்ட்ராக்டர் லாபி, மணல் லாபி, டிவி லாபின்னு அடுக்குதான். எனக்கு லாபின்னாலே வேறதான் கண்ணு முன்னால வரும். களத்துக்கு ரெண்டு ஓரத்துலயும் ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும், அது லாபி. பாடிப் போறவன் ஒருத்தனத் தொட்டுட்டான்னா, இல்ல ஒருத்தன் அவனப் பிடிச்சுட்டான்னா, அதுக்குப் பொறவு லாபியும் களம்தான், பொரளலாம், இழுக்கலாம், விழலாம். ஆனா யாரையும் தொடாம, ஒருத்தன்கூடயும் மல்லுக்கட்டாம, அதுபாட்டுக்குப் போயி லாபியில கால வச்சுட்டான்னா அவுட்டு. ஒருத்தனும் பிடிக்க வேண்டாம். அவனாவே அவுட்டு. எத்தன பெரிய ஆளுகள அப்படி வெளிய அனுப்பியிருக்கேன், நடுவர் பாக்கதுக்கு முன்னால நான் பாத்துருவேன், அய்யோ பாவம் லாபியில ஒரு கால்னு மைக்குல சொன்னதும் கூட்டம் சிரிக்கும், ஆடுனவன் குனிஞ்சு காலப் பாப்பான். அந்தப் பார்வ. எப்ப வச்சோம்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

எம் முறை வந்துட்டு. சுயம்புவப் பத்தி ஆரம்பிச்சேன், நம்ம மைதானத்துல வெறுங்காலோட ஆடுன சுயம்புலிங்கம், லீக் ஏலத்துல ஒரு டீம் எடுத்துக்கிட்டுப் போயிட்டு, சந்தோசந்தான், நானே வெடி போட்டேன். போன வாரம் ஊருக்கு வந்தவன்கிட்ட நம்ம மைதானத்தப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுடேன்னு மைக்க நீட்டினா, மேனேஜ்மெண்ட்ல கேட்டுச் சொல்லுதேன் மாமாங்கான். அவன் ஆடுன மைதானத்தப் பத்திப் பேச எவன்கிட்டயோ கேக்கணுமாம். இத நான் சொன்னதும் ஜெபசிங் விழுந்து விழுந்து சிரிச்சான், நானும் நல்லா ஏத்தி எறக்கிச் சொன்னேன், சுயம்பு மாதிரியே கொரல எளச்சு, கேட்டுச் சொல்லுதேன் மாமா, கேட்டுச் சொல்லுதேன் மாமா. கமெண்ட்ல சிரிப்பா கொட்டுது. ஏலத்துல எடுத்த அன்னைக்கே வாயையும் சேத்து எடுத்துட்டானுவன்னேன். நல்ல வரி. நல்லாத்தான் வந்துச்சு. ஆனா சொல்லி முடிச்ச பொறவு அந்த வரி எங் காத விட்டுப் போக மாட்டேங்கு. தண்ணியக் குடிச்சேன். நான் சுயம்பு இல்லல்லா. அவன் சின்னப் பய, அவனுக்கு என்ன தெரியும். நான் பாத்துக்கிடுவேன்லா. பேச்சி இன்னும் சிரிக்கல. கேமராவுல ஏதும் கோளாறா இருக்கும். இல்ல முட்டி வலிக்கும்.

பொறவுதான் ஜெபசிங் மைதானத்துக்கு வந்தான். நிகழ்ச்சிக்கு முன்னால இத எங்கிட்ட அவன் சொல்லல, எப்பவும் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லல. வாய்க்கால் மைதானத்துல பாதிய எடுத்து வணிக வளாகம் கெட்டப் போறதாப் பேச்சு இருக்கு, பிரச்சாரத்துல சட்டமன்ற உறுப்பினர் என்ன சொன்னாரு, இப்ப என்ன சொல்லுதாரு, கேட்டுப் போன ஆளுகள நிக்க வச்சே அனுப்பிட்டாங்களாம், அங்கன ஆடுத புள்ளைக எங்க போகும்னு அவன்பாட்டுக்கு நெதானமாச் சொல்லிக்கிட்டே வந்து, எம் பக்கம் திரும்பி, நம்ம வெளையாட்டு ஆளு நீருதான, நீரு என்னவே சொல்லுதீருன்னு கேட்டான். லேசான பந்துதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். நான் நல்லா சாஞ்சு ஒக்காந்து, கையத் தூக்கி, எப்பவும் போலக் கொரல எறக்கி, பொறுமையாச் சொன்னேன்.

"அண்ணாச்சி அப்படிலாம் செய்ய மாட்டாவ."

சொன்னது எனக்கே கேக்கல. நல்லாச் சொல்லிட்டோம்னு கூட நெனச்சேன். அடுத்த வாக்கியத்துக்கு வாயத் தெறந்தப்பதான் ஜெபசிங் மேசையப் பாக்கதப் பாத்தேன், பொறவு பேச்சியப் பாத்தேன். விசில் அவ ஒதட்டுக்கிட்ட இருக்கு. ஊதல. ஊத வேண்டியதுதான, என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கா, விதிதான, ஊது பேச்சி. அவ ஊதாம என்னைப் பாத்துக்கிட்டு நிக்கா, அந்தப் பார்வையில கோவம் இல்ல, அதுதான் என்னைக் கொன்னுட்டு. அப்பதான் அந்த வெள்ளை வேட்டி ஞாபகத்துக்கு வருது. காலையில மைதானத்து ஓரமா சைக்கிள நிறுத்திட்டு, மக ஆடுதத நின்னு பாத்துக்கிட்டே இருப்பாருல்லா, அவருதான். பேச்சிகிட்ட ஆடுத பிள்ளையோட அப்பா. நேத்தே பேச்சிகிட்ட வந்து சொல்லியிருப்பாரு, நயினார் சாரும் நம்ம மைதானத்துக்காக வந்து ஒக்காந்திருந்தாருன்னு சந்தோசமாச் சொல்லியிருப்பாரு. ஜெபசிங்கும் அவ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு, நேத்துல இருந்தே காத்துக்கிட்டு இருந்துட்டு, இன்னைக்கு நீலச் சட்டையோட வந்து ஒக்காந்திருக்கான், நானாச் சொல்லட்டும்னு. நான் வந்ததும் வராததுமா அவன் சட்டையப் பத்திப் பேசினேன். நேத்து வணக்கம்னு மட்டுந்தான் சொன்னேனா. இல்ல. வணக்கம் அண்ணாச்சின்னேன். ரெண்டு கையும் கூப்பி, எளைய மனுசன, என்னைக்குமே வராத வார்த்தைய, தங்கராசு வாயில இருந்து பொறுக்கிக்கிட்டுப் போயி வச்சேன். ஒருத்தனும் என்னைப் பிடிக்கல, ஒருத்தனும் மிரட்டல, நான் யாரோடயும் மல்லுக்கட்டல. நான் பாட்டுக்கு நடந்து போயிருக்கேன்.

கமெண்ட்ல எவனோ ஒருத்தன் விசில் எங்கன்னு கேட்டிருக்கான், பொறவு இன்னொருத்தன், பொறவு வரிசையா விசில் விசில் விசில். எனக்குப் பயமா இருந்துச்சு, அது நெசம், கோட்டும் காது மாட்டலும் டிவியும் ஒரு நிமிசத்துல கண்ணு முன்னால வந்து நின்னுச்சு, வடிவு இஸ்திரி போட்ட சட்டை மொதக்கொண்டு. இப்பமும் சிரிச்சுக்கிட்டே மழுப்பிரலாம், வாய் தவறிட்டுன்னு சொன்னா சனங்க சிரிச்சிரும், ஜெபசிங் கூட விட்டுருவான், எனக்காக விட்டுருவான். ஆனா பதினாலு பேரு ஆடுற களத்துலயும் ஒருத்தன் கால் நகத்து நுனி கோட்டுல பட்டா பாத்துருத கண்ணு இது. எங்காலத்தான் நான் பாக்க மாட்டேனா. மைக்கப் பக்கத்துல இழுத்தேன். எங் கொரல் எனக்குத் தெரியும், அது என்னைக் கை விடாது.

"பாடி வந்த நயினார், இடது ஓரத்தில் லாபியில் கால் வைத்துவிட்டார். யாரையும் தொடவில்லை. நடுவர் இரக்கப்பட்டு விசில் ஊதவில்லை. வர்ணனையாளர் பார்த்துவிட்டார். நயினார் அவுட்."

பொறவு எல்லாத்தையும் சொன்னேன். ஆட்டம் சொல்லுத மாதிரியேதான் சொன்னேன், எனக்கு வேற மாதிரி சொல்ல வராது. யாரு போன் போட்டா, எந்த சோபா, என்ன காப்பி, ஆறு மணிக்கு நான் சொல்லக் காத்திருந்த சரி, செவுத்தோரம் நின்ன மனுசன்கிட்ட நான் ஆட்டுன அந்தத் தலை. அய்யா, நீங்க இதப் பாத்துக்கிட்டு இருந்தா, நான் மைதானத்துக்காக வரலய்யான்னு அவருக்கு நேரா கேமராவப் பாத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல தோள் எறங்கிச்சு, கொரல் ஏறிச்சு. ஜெபசிங் தலைய நிமித்திட்டான். ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல நிக்கு அவனுக்கு, தொடைக்க மாட்டேங்கான், மடப்பய. அப்ப ஊதுனா பேச்சி. நீளமா, மைதானத்துல ஊதுவாள்லா அந்த ஊது, கீழ டயர் கடைக்காரன் என்னவோ ஏதோன்னு வெளிய வந்து மேல பாத்திருப்பான்.

"எந்திரிச்சு நின்னு சொல்லும்வே," ன்னான் ஜெபசிங்.

விதி விதிதான். எந்திரிச்சேன். அதே நேரத்துக்குப் பையில போன் அதிர ஆரம்பிச்சுட்டு, நெஞ்சோட ஒட்டி, விட்டு விட்டு, தங்கராசு விடாமக் கூப்பிடுதான். சட்டைக்கு மேல கைய வச்சு அமுக்கிக்கிட்டு நல்லா ஒரு மூச்சு இழுத்தேன். பேச்சி கேமராவ எம் மொகத்துக்குக் கிட்டக்கக் கொண்டு வாரா.

"சட்டமன்ற உறுப்பினர் குலசேகரபாண்டியன், வாய்க்கால் மைதானத்துல ஒரு பிடி மண்ணக் கூடத் தொட மாட்டேன்னு மேடையில நின்னு சொன்னாரு. தொடப் போறாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா அவரு சொன்னது தெரியும். அந்த மைக்கு என்னோடது."